கால்கள் சொல்லும் முடிவு

1980-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சென்னை நேரு விளையாட்டரங்கத்தில் அமைக்கப்பட்ட குத்துச்சண்டை மேடையின்மீது, உலகம் முழுவதும் குழந்தைகளும் பெயர் சொல்லக்கூடிய முகம்மது அலியும், விஷயம் அறிந்தவர்கள் மட்டுமே மரியாதையுடன் நினைவு வைத்திருந்த ஜிம்மி எல்லிஸும் கையுறை மாட்டிக்கொண்டு எதிரெதிரே நின்றார்கள். அலிக்கு அப்போது வயது 38. எல்லிஸுக்கு நாற்பது நிறையச் சில வாரங்களே பாக்கி. இருவரும் ஒரு காலத்தில் உலக ஹெவிவெயிட் பட்டத்தைச் சுமந்தவர்கள்; இருவரும் ஓய்வு பெற்றுவிட்டதாக அறிவித்தவர்கள். அது ரசிகர்களின் மகிழ்ச்சிக்காக நடத்தப்பட்ட கண்காட்சி ஆட்டமேயாதலால் ஜயமும் தோல்வியும் அதில் இல்லை. ஆயினும் குத்துச்சண்டையை வடசென்னையின் தெருத்தெருவாக வளர்த்த ஒரு பட்டணத்தில், சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று கட்சி பிரிந்து நின்று, 'ரோஷமான ஆங்கிலக் குத்துச்சண்டை' என்று விளம்பரம் செய்த ஆட்டங்களைப் பார்த்துப் பழகிய ஒரு ஜனசமூகத்தின் நடுவே, 'இவர்கள் இருவரும் மெய்யாகவே மோதினால் யார் ஜெயிப்பார்?' என்ற கேள்வி எழாமல் இருந்திருக்காது. அந்தக் கேள்வியைச் சற்று நிதானமாக ஆராய்ந்தால், வயது முதிர்ந்த வீரர்களின் ஆட்டத்தை எப்படிக் கணிப்பது என்பதற்குரிய இலக்கணம் முழுவதும் அதற்குள்ளேயே கிடைத்துவிடும் என்பது என் அபிப்பிராயம்.

வாலிபனும் வயோதிகனும் மோதும் ஆட்டத்தைக் கணிப்பது அத்தனை கடினமன்று. 1962-ஆம் ஆண்டு நவம்பரில், இருபது வயது நிரம்பிய அலி (அன்று அவர் பெயர் காஷியஸ் கிளே), நாற்பத்தைந்தை ஒட்டியிருந்த ஆர்ச்சி மூருடன் மோதுவதற்கு முன், நான்காவது ரவுண்டில் அவர் விழுவார் என்று ஊரறியப் பாட்டாகவே சொல்லிவைத்தார். சொன்னபடி நான்காவது ரவுண்டில் ஆட்டம் முடிந்தது. மூர் சாமானியரல்லர்; ஒரு காலத்தில் அலிக்கே பாடம் சொன்னவர். ஆனால் எதிரே நிற்பவன் எட்டிப் பிடிக்க முடியாத வேகத்தில் நகரும்போது, இருபத்தைந்து ஆண்டு அனுபவம் என்ன செய்ய வேண்டும் என்பதை அறிந்திருந்ததே தவிர, அதைச் செய்து முடிக்கும் அவகாசம் அதற்குக் கிடைக்கவில்லை. இரண்டு மூத்த வீரர்கள் எதிரெதிரே நிற்கும்போது கணக்கு வேறாகிவிடுகிறது: இருவரிடமும் எது குறைந்திருக்கிறது, யாரிடம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அலியும் எல்லிஸும் ஒரே ஊர்க்காரர்கள். அமெரிக்காவில் கென்டக்கி மாகாணத்து லூயிவில் நகரத்தார். தொழில்முறை ஆட்டத்துக்கு வருவதற்கு முன்பு, இளம் பருவத்தில், இருவரும் இரண்டு முறை மோதி ஆளுக்கொரு வெற்றி பெற்றவர்கள். பின்னாளில் எல்லிஸ் அலியின் பயிற்சித் துணைவராகி, நூற்றுக்கணக்கான ரவுண்டுகள் அவருடன் கூடவே குத்தி, அவருடைய அசைவுகளை அங்குலம் அங்குலமாக அறிந்தார். ராணுவத்தில் சேர மறுத்ததற்காக அலியின் பட்டம் 1967-இல் பறிக்கப்பட்டபோது, அந்தக் காலியிடத்தை நிரப்ப உலகக் குத்துச்சண்டைச் சங்கம் நடத்திய போட்டித் தொடரில் வென்று, 1968 ஏப்ரலில் ஜெர்ரி குவாரியைத் தோற்கடித்துப் பட்டத்தை அணிந்தவரும் எல்லிஸே. இருவருக்கும் வாத்தியார் ஒருவரே: ஆஞ்சலோ டண்டி. 1971 ஜூலை 26-ஆம் தேதி ஹூஸ்டன் நகரத்து ஆஸ்ட்ரோடோமில் இவ்விரண்டு சீடர்களும் மெய்யாகவே மோதியபோது, எல்லிஸின் மேலாளராகவும் இருந்த காரணத்தால் டண்டி அவருடைய மூலையில் நின்றார். அலி வேறொரு வாத்தியாரை வைத்துக்கொண்டார்.

அன்றைய ஆட்டத்தில் அலி 220 ராத்தலுக்குச் சற்று மேல், எல்லிஸ் 189. முப்பது ராத்தலுக்கு மேற்பட்ட வித்தியாசத்தை நட்பும் பரிச்சயமும் ஈடுசெய்துவிட முடியவில்லை. நான்காவது ரவுண்டில் அலியின் வலது கை ஒன்று எல்லிஸின் மீது பலமாக விழுந்தது. அதன் பிறகு எல்லிஸ் பழைய எல்லிஸாக இல்லை. பன்னிரண்டாவது ரவுண்டில், கைகள் தொங்கிய நிலையில் நின்ற தம் பழைய நண்பரை மேலும் அடிக்க மனமில்லாமல் அலி தயங்கி நிற்க, நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார்.

அதிலிருந்து ஒன்பது ஆண்டுகளுக்குள் இருவருக்கும் நேர்ந்தது என்ன? எல்லிஸ் 1975-இல், பயிற்சியின்போது இடது கண்ணில் பட்ட அடியால் அந்தக் கண்ணின் பார்வை கெட்டு, ஆட்டத்தை விட்டு விலகினார். அலியோ அதே 1975-இல் மணிலாவில் ஜோ பிரேசியருடனும், 1977-இல் ஏர்னி ஷேவர்ஸுடனும், 1978-இல் லியான் ஸ்பிங்க்ஸுடன் இருமுறையும் நின்று, வாங்கக்கூடாத அடிகளையெல்லாம் வாங்கியிருந்தார். இப்போது சென்னைக் கேள்விக்கு வருவோம். எதிராளியின் வலது கை நம் இடப்பக்கத்திலிருந்துதான் வரும். இடது கண் மங்கிய ஒருவர், அலியின் வலது கை புறப்படுவதைக் காண்பதற்கு முன்பே அது வந்து சேர்ந்திருக்கும்; 1971-இல் இரு கண்களும் இருந்தபோதே அவரை வீழ்த்தியது அந்த வலது கைதான். ஆகவே மெய்யான மோதலாக இருந்திருந்தால் வெற்றி அலிக்கே என்று நான் தயங்காமல் சொல்வேன். ஆனால் அலியின் பழைய மேன்மைக்கும் இந்தக் கணிப்புக்கும் சம்பந்தம் எதுவுமில்லை. இதைத்தான் ரசிகர்களாகிய நாம் மறந்துவிடுகிறோம். மூத்த வீரர்களின் ஆட்டம் அறிவிக்கப்பட்டவுடன், அவர்கள் இருபத்தைந்து வயதில் எப்படி ஆடினார்கள் என்பதை மனத்தில் ஓட்டிப் பார்த்து, அந்த இரண்டு வாலிபர்களையும் மோதவிட்டு முடிவு சொல்கிறோமே ஒழிய, மேடைக்கு வரப்போகிற இரண்டு சரீரங்களைப் பார்ப்பதில்லை.

வயது ஒரு வீரனிடமிருந்து எல்லாவற்றையும் ஒரே நாளில் பறித்துக்கொள்வதில்லை. அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் போவது கால். பிறகு, குத்து வருவதைக் கண்டவுடன் தலையை விலக்கும் அந்தக் கண்ணிமைப்பொழுது வேகம். அதன் பிறகு அடி தாங்கும் சக்தி. கடைசி வரைக்கும் கூடவே நிற்பது கையின் பலம்.

நான் வசிக்கும் பூண்டி, கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி வழியாகச் செல்லும் மேல்மலைப் பாதையில் உள்ள சிற்றூர். பேருக்கேற்பப் பூண்டு விளையும் படிக்கட்டு வயல்கள் சூழ்ந்தது. இங்கே அறுபதைத் தாண்டிய ஒருவர் பூண்டு மூட்டையைக் குனிந்தெடுத்துத் தோளில் ஏற்றுவதைப் பார்த்தால், பக்கத்தில் நிற்கும் பேரனுக்கும் அவருக்கும் பலத்தில் பேதம் தெரியாது. அதே மூட்டையுடன் மேல் வயலிலிருந்து கீழ்ப்பாதைக்கு இறங்கும்போது, பேரன் கல்லைப் பாராமலே கால் வைத்துப் போய்விட, பாட்டனாரோ ஒவ்வொரு கல்லையும் கால்விரலால் தடவிப் பார்த்த பிறகே தம் பாரத்தை அதன்மேல் விடுகிறார். தோள் அப்படியே இருக்கிறது. முழங்கால்தான் கேள்வி கேட்கத் தொடங்கிவிடுகிறது. குத்துச்சண்டை வீரனின் நிலையும் இதுவேதான்.

ஜார்ஜ் போர்மன் 1994 நவம்பர் 5-ஆம் தேதி லாஸ் வேகாஸில் செய்த அற்புதத்துக்கும் இதுவே விளக்கம். வயது 45. நடுவே பத்து ஆண்டுகள் கையுறையைத் தொடாமல் மதபோதகராக இருந்துவிட்டுத் திரும்பியவர். எதிரே, ஒரு முறையும் தோற்றிராத 26 வயது மைக்கேல் மூரர். ஒன்பது ரவுண்டுகள் முடிந்தபோது மூன்று நடுவர்களின் சீட்டிலும் போர்மன் பின்தங்கியிருந்தார். அவரால் மூரரைத் துரத்தவும் முடியவில்லை, மறிக்கவும் முடியவில்லை. ஆனால் மூரர், தம் வாத்தியாரின் எச்சரிக்கைகளை மீறி, போர்மனுடைய வலது கைக்கு நேரே நின்றுகொண்டே இருந்தார். பத்தாவது ரவுண்டில், நீண்ட தூரம் பயணம் செய்யாத, பார்வைக்குச் சாதாரணமான ஒரு வலது குத்து தாடையில் இறங்கியது, மூரர் எழவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் கின்ஷாசாவில் அலியிடம் பட்டத்தை இழந்த அன்று அணிந்திருந்த அதே சிவப்பு அரைக்கால்சட்டையுடன் போர்மன் தம் மூலையில் மண்டியிட்டுப் பிரார்த்தித்தார். இதிலிருந்து 'கிழவர்களும் ஜெயிக்கலாம்' என்று மட்டும் கற்றுக்கொள்பவர்கள் பாதியையே கற்றவர்கள். கையில் பலம் மிச்சமிருக்கிற முதியவன், தன் எதிரே நிற்கச் சம்மதிக்கிறவனை மட்டுமே ஜெயிக்க முடியும் என்பது மற்றப் பாதி.

2024 நவம்பர் 16-ஆம் தேதி, சனிக்கிழமை காலையில், எங்கள் ஊர் டீக்கடையில் ஒரு கைப்பேசியைச் சர்க்கரை டப்பாவின்மேல் சாய்த்து வைத்து, நாலைந்து பேர் தலையோடு தலை மோத, மைக் டைசனும் ஜேக் பாலும் ஆடியதைப் பார்த்தோம். டைசனுக்கு 58 வயது; பாலுக்கு 27. ஆட்டத்துக்கு முன்பு பல வாரங்களாக, டைசன் பயிற்சித் திண்டுகளை இடிபோலக் குத்தும் சில விநாடிப் படங்கள் கைக்குக் கை பரவியிருந்தன. "ஒரே குத்துல முடிச்சிருவாப்ல, பாருங்க மாமா" என்று ஒரு பையன் டீக்கடைக்காரரிடம் அடித்துச் சொன்னான். படம் நின்று நின்று சுற்றியது. முதல் ரவுண்டில் டைசன் முன்னேறியபோது கடையில் ஆரவாரம். மூன்றாவது ரவுண்டில் அது அடங்கிவிட்டது. டீ ஆற்றிக்கொண்டே எட்டிப் பார்த்த கடைக்காரர், "கையைப் பாக்காதடா மாப்ளே, காலைப் பாரு. தரையிலயே ஒட்டிக்கிச்சு" என்றார். குத்துச்சண்டை மேடையை நேரில் கண்டிராத அந்த மனிதர் சொன்னதைவிடச் சரியான விமர்சனத்தை நான் எங்கும் படிக்கவில்லை. எட்டு ரவுண்டுகளில் டைசன் விட்ட குத்துகள் 97, பட்டவை 18 என்று கணக்கெடுத்தவர்கள் எழுதினார்கள். பயிற்சிப் படங்கள் பொய் சொல்லவில்லை. அவை கையின் பலத்தைக் காட்டின, அது உண்மையாகவே இருந்தது. ஆனால் திண்டு பிடிப்பவர், குத்து எங்கே வர வேண்டுமோ அங்கே தாமாகவே திண்டைக் கொண்டுபோய் வைக்கிறார். எதிராளி அந்த உபகாரத்தைச் செய்வதில்லை.

ரவுண்டுகளின் எண்ணிக்கையையும் நீளத்தையும் பார்க்காமல் கணிப்பு சொல்கிறவர்களும் உண்டு. 2020 நவம்பரில் டைசனும் ராய் ஜோன்ஸும், ஒருவர் 54 வயதிலும் மற்றவர் 51 வயதிலும், லாஸ் ஏஞ்சல்ஸில் ஆடிய கண்காட்சி ஆட்டத்தில் ரவுண்டுக்கு இரண்டே நிமிஷம்தான். எட்டு ரவுண்டுகள் முடிந்து சமம் என்று அறிவிக்கப்பட்டது. மூன்று நிமிஷ ரவுண்டாக இருந்தால் அது முற்றிலும் வேறு ஆட்டம். ஒலிம்பிக் பாணி ஆட்டமோ மூன்றே ரவுண்டுகள் கொண்டது. ஆட்டம் குறுகியதாக இருந்தால் மூப்புக்குச் சாதகம் என்று தோன்றும். பாதி நேரங்களில் அது பாதகமாகவே முடிகிறது. 2021 ஜூலையில் டோக்கியோவில், ஆறு முறை உலகச் சாம்பியனான நம் மேரி கோம், 38 வயதில், தாம் முன்பு வென்றிருந்த கொலம்பிய வீராங்கனை இங்ரிட் வலென்சியாவைச் சந்தித்தார். முதல் ரவுண்டை ஐந்து நடுவர்களில் நால்வர் வலென்சியாவுக்குக் கொடுத்தார்கள். அடுத்த இரண்டு ரவுண்டுகளிலும் பெரும்பான்மை மேரிக்கே. ஆயினும் மொத்தக் கணக்கில் மூன்றுக்கு இரண்டு என்று தோல்வி. மூத்த சரீரம் சூடேறி, எதிராளியின் தாளத்தைக் கண்டுபிடித்து, அனுபவத்தைப் பிரயோகிக்கத் தொடங்குவதற்கு ஒரு ரவுண்டு தேவைப்படுகிறது. பன்னிரண்டு ரவுண்டு ஆட்டத்தில் அந்த ஒன்றைக் கடனாகக் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம், மூன்று ரவுண்டு ஆட்டத்தில் அது மூலதனத்தில் மூன்றில் ஒரு பங்கு. நன்றாகத்தான் ஆடினோம் என்று மேரி நம்பியதில் தவறில்லை. கடைசி இரண்டு ரவுண்டுகளை மட்டும் பார்த்தவர் எவரும் அப்படியே நம்பியிருப்பார்.

இரண்டு மூத்தவர்கள் மோதும்போது இன்னொன்று நிகழ்கிறது. என் மனத்தை மிகவும் வருத்துவதும் இதுதான். இருவருடைய காலும் போய்விட்டதால், இருவராலும் விலகிப் போக முடிவதில்லை. கைப்பலமோ இருவரிடமும் இருக்கிறது. ஆகவே வாலிபர்களின் ஆட்டத்தில் காற்றில் போகிற குத்துகளெல்லாம் இங்கே தலையில் விழுகின்றன. 1975 அக்டோபர் 1-ஆம் தேதி மணிலாவில் அலிக்கு 33 வயது, பிரேசியருக்கு 31. ஆண்டுகளால் கிழவர்களல்லர், ஆனால் இருவரும் ஏற்கெனவே இரு முறை ஒருவரையொருவர் தேய்த்தவர்கள். பதினான்கு ரவுண்டுகள், புழுங்கும் வெப்பத்தில், ஒருவர் முன் ஒருவர் நகராமல் நின்று இடித்துக்கொண்டார்கள். பிரேசியரின் கண்கள் வீங்கி மூடிக்கொண்டன. அவருடைய வாத்தியார் எடி பட்ச், பதினைந்தாவது ரவுண்டுக்கு அவரை எழுந்திருக்கவிடவில்லை. யார் ஜெயித்தார் என்று புத்தகங்களில் இருக்கிறது. இருவரும் எதை இழந்தார்கள் என்பது பின்னாளில்தான் தெரிந்தது.

அலியைப் பற்றிய மிகச் சரியான கணிப்பைச் சொன்னவர்கள் பந்தயக்காரர்களோ பத்திரிகைக்காரர்களோ அல்லர். 1977 செப்டம்பரில் ஷேவர்ஸுடன் ஆடிய பிறகு, அலியின் நீண்டநாள் வைத்தியர் பெர்டி பச்சேகோ, அவருடைய சிறுநீரகம் கெட்டுவருவதைக் காட்டும் பரிசோதனை அறிக்கையை அவரைச் சேர்ந்தவர்களுக்கு அனுப்பிவிட்டு, பதில் வராமற்போகவே அந்தக் கூட்டத்தை விட்டு விலகினார். நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் ஆட்டங்களை ஏற்பாடு செய்துவந்த டெடி பிரென்னர், இனி அலிக்கு அங்கே ஆட்டம் தருவதில்லை என்று பகிரங்கமாகவே அறிவித்தார். ஒருவருக்குக் கட்டணம் போயிற்று, மற்றவருக்கு வசூல் போயிற்று, அப்படியிருந்தும் சொன்னார்கள்.

சென்னைக்கு வந்துபோன அதே 1980-இல், இந்தியாவிலிருந்து நேரே ஆப்பிரிக்காவுக்குச் சென்று, மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்கும்படி அதிபர் கார்ட்டரின் சார்பில் பேசிவிட்டு வந்த அலி, மறுபடியும் பட்டத்துக்காக மோதப்போவதாக அறிவித்தார். எதிராளி, முன்பு அவருடைய பயிற்சித் துணைவராக இருந்த லாரி ஹோம்ஸ். ஜூலையில் மேயோ மருத்துவமனையில் அலியைப் பரிசோதித்தார்கள். விரலால் மூக்கைத் தொடச் சொன்னபோது இலக்கு சற்றே பிசகியது. ஒற்றைக் காலால் நொண்டியடிப்பதில், அவரைப் போன்ற ஒரு தேகப்பயிற்சியாளரிடம் எதிர்பார்க்கக்கூடிய லாகவம் இல்லை. உலகத்திலேயே அழகாகக் கால் வைத்து ஆடிய ஹெவிவெயிட் வீரருக்கு நொண்டியடிக்க வரவில்லை என்று தாளில் எழுதியிருந்தும், நெவாடா மாகாணம் அவருக்கு உரிமம் கொடுத்தது. ஜனங்களும் நம்பினார்கள், ஏனெனில் பருத்திருந்த அலி, தைராய்டு மாத்திரைகளின் உதவியால் உடம்பை வற்றச் செய்து, நரைத்த தலைக்கு மையிட்டுக்கொண்டு, 217 ராத்தலில், கின்ஷாசாவில் நின்ற பழைய அலியைப் போலவே நின்றார். கண்ணுக்குத் தெரிந்த இளமை முழுவதும் தோலின்மேல் இருந்தது.

அக்டோபர் 2-ஆம் தேதி லாஸ் வேகாஸில் பத்து ரவுண்டுகள் நடந்தன. அலியால் ஒன்றுமே செய்ய முடியவில்லை. மூன்று நடுவர்களும் பத்து ரவுண்டுகளையும் ஹோம்ஸுக்கே எழுதினார்கள். அலியைக் குருவாக மதித்த ஹோம்ஸ், அடிப்பதைவிட நடுவர் நிறுத்தமாட்டாரா என்று பார்ப்பதிலேயே கவனமாக இருந்ததாகத் தோன்றியது.

நம் ஊர்ப் பரம்பரைகளிலும் சரி, அமெரிக்க மேடையிலும் சரி, ரவுண்டுக்கும் ரவுண்டுக்கும் நடுவே கிடைக்கும் அந்த ஒரு நிமிஷத்தில், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனின் கண்ணையும் மூச்சையும் பார்த்து அடுத்த ரவுண்டு எப்படிப் போகும் என்று சொல்ல வேண்டியவர் வாத்தியார் ஒருவரே. வெளியே இருக்கும் நாம் மாதக்கணக்கில் ஜோசியம் சொல்லலாம். அவருடைய கணிப்புக்கு அறுபது விநாடிதான் தவணை, தவறினால் ஓர் உயிர் விலை. பத்தாவது ரவுண்டு முடிந்து அலி வந்து உட்கார்ந்தபோது, டண்டி ஆட்டத்தை நிறுத்துமாறு நடுவரிடம் சொன்னார். இன்னும் ஒரே ஒரு ரவுண்டு என்று கெஞ்சியபடி அலியின் உற்ற துணைவர் பண்டினி பிரவுன் டண்டியின் சட்டையைப் பிடித்து இழுத்தார். மூலையின் தலைவன் நானே என்று டண்டி அவரை உதறித் தள்ளிவிட்டு, நடுவரை நோக்கி இரண்டாம் முறையும் சொன்னார்.